நோயாளியே நடுவர்: ஒரு கைபேசி விளையாட்டு செம்மையான விதம்

பார்வையாளர் நேரம் தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குள் பேச்சு தீர்ந்துவிடுவதை வார்டுகளில் அடிக்கடி காண்கிறோம். உணவு இறங்கியதா, உறக்கம் வந்ததா, மருத்துவர் என்ன சொன்னார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னர், கட்டிலைச் சூழ்ந்திருக்கும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் தத்தம் கைபேசிக்குள் அமிழ்ந்துவிடுகிறார்கள். அன்பு குறைந்து அவர்கள் அப்படிச் செய்வதில்லை. அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல்தான் செய்கிறார்கள். பக்கவாதத்தால் பேச்சை இழந்தவரின் கட்டிலருகில் இந்த மௌனம் இன்னும் கனமானது.

பக்கவாதத்துக்கு ஆளானோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பேச்சிழப்பு ஏற்படுகிறது. மருத்துவத்தில் இதனை அஃபேசியா என்பர். இதனால் அறிவு அழிந்துவிடுவதில்லை. மொழியைக் கையாளும் மூளைப் பகுதி சிதைவதால், நினைத்த சொல் நாவுக்கு வருவதில்லை. சிலருக்குப் பிறர் சொல்வதும் முழுமையாகப் பிடிபடுவதில்லை. ஆயினும் அவர் தம் மக்களை அறிவார்; கேலியைச் சுவைப்பார்; சீட்டாட்டத்தில் யார் கள்ளாட்டம் ஆடுகிறார் என்பதையும் கண்டுகொள்வார். இதை அறியாத உறவினர்கள் முதலில் அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசத் தொடங்குகிறார்கள். சில நாட்களில் அவருக்குப் பதிலாகத் தாமே விடை சொல்லத் தொடங்குகிறார்கள். வீட்டின் முடிவுகளிலிருந்து அவர் மெல்ல விலக்கப்படுவது பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது.

பக்கவாத மறுவாழ்வுப் பிரிவைச் சேர்ந்த எங்களிடம் இளம் கணினிப் பொறியாளர் சிலர் ஒரு வேண்டுகோளுடன் வந்தனர். குடும்பத்தினர் கூடியிருந்து ஆடுவதற்கான கைபேசி விளையாட்டு ஒன்றை அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தனர். நோயுற்ற ஒருவரும் இடம்பெற்ற குடும்பம் அதை ஆட முடியுமா என்பதை நேரில் காண விரும்பினர். உரிய அனுமதியும், பங்குபெறுவோரின் சம்மதமும் பெற்ற பின்னர், வார்டின் பொது அறையில் அந்தச் சோதனைக்கு இடமளித்தோம். ஒரு விளையாட்டைத் திருத்தும் பணி நோயாளிகளைப் பற்றியும் உடனிருப்போரைப் பற்றியும் இவ்வளவு சொல்லும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அங்குக் கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

கூடி ஆடும் விளையாட்டு

கைபேசி விளையாட்டு என்றதும் ஒருவர் தனியே குனிந்து திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் காட்சியே நம் நினைவுக்கு வரும். கூடி ஆடும் விளையாட்டு அத்தகையதன்று. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஹெட்ஸ் அப்’ என்னும் செயலியில், ஒருவர் கைபேசியைத் தம் நெற்றியில் வைத்துக்கொள்கிறார். திரையில் தோன்றும் சொல் அவருக்குத் தெரியாது. எதிரே இருப்போருக்குத் தெரியும். அவர்கள் சைகையாலும் குறிப்பாலும் உணர்த்த, அவர் அறுபது நொடிகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். சொன்னது சரியானால் கைபேசியைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். அந்தச் சொல்லைத் தவிர்க்க விரும்பினால் மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். கனடாவின் மாண்ட்ரியால் நகரைச் சேர்ந்த ஹென்றி ஸ்மித் 2012-இல் வெளியிட்ட ‘ஸ்பேஸ்டீம்’ இன்னொரு வகை. அதில் ஒவ்வொருவர் திரையிலும் வெவ்வேறு பொத்தான்கள் இருக்கும். தமக்கு வரும் கட்டளைக்குரிய பொத்தான் பெரும்பாலும் வேறொருவர் கைபேசியில் இருக்கும் ஆதலால், எல்லோரும் ஒருவரையொருவர் உரக்கக் கூவி உதவினால்தான் கற்பனை விண்கலம் பிழைக்கும்.

இவை நமக்கு முற்றிலும் புதியவை அல்ல. சைகையால் திரைப்படப் பெயரை உணர்த்தும் ஆட்டத்தைப் பேருந்துப் பயணங்களிலும் திருமண வீடுகளிலும் ஆடாத தமிழ்க் குடும்பம் அரிது. பி. எச். அப்துல் ஹமீது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ வீட்டுத் திண்ணைகளிலும் ஆடப்பட்டது. இவை அனைத்திலும் கருவி சிறிது. ஆட்டம் நிகழும் இடம் மனிதர்களுக்கு நடுவே உள்ள வெளி. அந்த வெளியில் என்ன நிகழும் என்பதை மேசைமுன் அமர்ந்து வரைவோரால் முன்கூட்டியே கணித்துவிட முடியாது. ஆகவேதான் இவ்வகை விளையாட்டுகளுக்குப் பயனர் சோதனை இன்றியமையாததாகிறது.

பயனர் சோதனை என்பது யாது

ஒரு பொருளை அதைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்து, விளக்கம் சொல்லாமல், உதவி செய்யாமல், அவர் என்ன செய்கிறார் என்று உற்றுநோக்குவதே பயனர் சோதனை. அவர் தயங்கும் இடம், தவறான பொத்தானைத் தொடும் இடம், புருவம் சுருக்கும் இடம் ஆகியவை குறித்துக்கொள்ளப்படும். இதன் முதல் விதி, சோதிக்கப்படுவது பொருளே ஒழிய மனிதர் அல்லர் என்பது. ஒருவர் தடுமாறினால் அவருக்குக் கெட்டிக்காரத்தனம் போதவில்லை என்று பொருள் கொள்வதில்லை. பொருளில் எங்கோ குறை இருக்கிறது என்றே பொருள் கொள்ள வேண்டும்.

இத்தகைய சோதனைக்கு நூற்றுக்கணக்கானோர் தேவையில்லை. இத்துறையில் பெயர்பெற்ற யாக்கோப் நீல்சன், தாமஸ் லாண்டவருடன் சேர்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பயன்பாட்டுக் குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் கண்டுவிடலாம் என்று கூறினார். பதினைந்து பேரை ஒரே முறை சோதிப்பதைவிட, ஐந்து பேரைச் சோதித்து, திருத்தி, மீண்டும் ஐந்து பேர், மீண்டும் திருத்தம், பின்னும் ஐந்து பேர் என மூன்று சுற்றுகளாகச் செய்வதே மேல் என்பது அவருடைய அறிவுரை. பயனர்கள் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்ட குழுவினராக இருந்தால், ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஆட்கள் தேவை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். எங்கள் பொது அறையிலும் சுற்றுக்கு ஐந்து குடும்பங்கள் என்னும் முறையே பின்பற்றப்பட்டது.

வழக்கமான சோதனையில், மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடும்படி பயனரைக் கேட்பார்கள். பேச்சிழந்தவரிடம் அவ்வாறு கேட்க இயலாது. எனவே கண் எங்கே செல்கிறது, கை எங்கே நிற்கிறது, யார் யாரை நோக்கித் திரும்புகிறார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பை எங்கள் பேச்சுப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் ஏற்றனர். மருத்துவர்களாகிய நாங்கள் வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தொலைவில் அமர்ந்தோம். அதற்குக் காரணம் இருந்தது. மருத்துவமனையில் எதைக் கொடுத்து ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டாலும் ‘நல்லா இருக்குங்க டாக்டர்’ என்பதே விடையாக வரும். மரியாதை நிமித்தமாகச் சொல்லப்படும் அந்த விடையைக் கொண்டு எதையும் திருத்த முடியாது.

முதல் சுற்று காட்டியவை

இளைஞர்கள் கொண்டுவந்த ஆட்டம் நாம் மேலே கண்ட நெற்றி விளையாட்டின் வகையைச் சார்ந்தது. பொருள்கள், பழமொழிகள், திரைப்படங்கள், ஊர்கள் எனத் தலைப்புகள் இருந்தன. முதல் குடும்பத்தில் தந்தைக்கு வலக்கை செயலிழந்திருந்தது; பேச்சும் சில சொற்களுக்குள் அடங்கிவிட்டது. இடக்கையால் கைபேசியை நெற்றிக்கு உயர்த்தினார். ஆனால் அதைச் சாய்க்க மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. சரியான விடையெல்லாம் தவிர்த்ததாகப் பதிவாயிற்று. இரண்டாம் சொல்லிலேயே மகள் அவர் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டு, ‘அப்பா, நீங்க பாருங்க, நான் பிடிச்சுக்கறேன்’ என்றார். அதில் பரிவைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து தந்தை ஆட்டக்காரர் அல்லர், பார்வையாளர். எஞ்சிய நேரம் முழுவதும் அவர் சன்னலை நோக்கியே அமர்ந்திருந்தார்.

இன்னொரு குடும்பத்தில் அம்மையார் ஒருவருக்கு மூளையின் வலப்பகுதியில் பாதிப்பு. பேச்சு தெளிவாக இருந்தது. எனினும் தமக்கு இடப்பக்கம் ஒன்று இருப்பதையே மூளை கவனியாத நிலை. இது கண்ணின் கோளாறன்று, கவனத்தின் கோளாறு. இத்தகையோர் தட்டின் வலப்பாதி உணவை உண்டுவிட்டு, ‘சோறு போதவில்லை’ என்பார்கள். செயலியில் ‘தவிர்’ பொத்தான் திரையின் இட ஓரத்தில் இருந்தது. அது எங்கே என்று அவர் தேடவேயில்லை. அவரைப் பொறுத்தவரை அது இல்லை. பேரன் பொறுமையிழந்து, ‘பாட்டி, இங்கேதானே இருக்கு, தெரியலையா?’ என்றான். பாட்டி, ‘எனக்கு மூளை போயிடுச்சுடா கண்ணு’ என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

மூன்றாவது சிக்கல் சொற்பட்டியலில் இருந்தது. அண்மைக் காலப் படங்களின் பெயர்களே மிகுதி ஆதலால் எழுபது வயதைக் கடந்தவர்கள் திகைத்தனர். எழுத்தறியாத ஒரு தாய், திரையில் எழுத்து மட்டும் தோன்றியதும் தம் கண்ணாடியை மறந்து வந்ததாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். நான்காவது, எழுத்தின் அளவும் பொத்தானின் அளவும். நடுங்கும் விரலுக்குச் சிறிய பொத்தான் எட்டுவதில்லை. தொடும் இடம் குறைந்தது ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. நடுக்கமுள்ளவருக்கு அதுவும் போதாது.

அன்றைய குறிப்புகளைப் பொறியாளர்கள் இரண்டு பகுதிகளாகப் பிரித்து எழுதினர். இடப்பகுதியில் ஆட்டக்காரர் என்ன செய்தார் என்பது. வலப்பகுதியில் அதற்குப் பொருளில் உள்ள காரணம் என்ன என்பது. ‘பாட்டிக்குப் பொத்தான் தெரியவில்லை’ என்பதற்கு எதிரே ‘பொத்தான் ஓரத்தில் உள்ளது’ என்று எழுதினர். நோயின் பெயர் எந்த இடத்திலும் காரணமாக எழுதப்படவில்லை. மருத்துவர்களாகிய எங்களுக்கு இந்தப் பழக்கம் மிகவும் பிடித்திருந்தது.

திருத்தமும் இரண்டாம் சுற்றும்

இரண்டாம் சுற்றுக்கு வந்த வடிவில் சாய்க்கும் வேலை நீக்கப்பட்டிருந்தது. கைபேசியை உணவு மேசைமேல் ஒரு தாங்கியில் நிறுத்தலாம். ‘சரி’, ‘தவிர்’ என்னும் இரண்டு பொத்தான்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, திரையின் முழு அகலத்துக்கும் நீண்டிருந்தன. எந்தப் பக்கத்தைக் கவனிப்பவரும் அவற்றின் ஒரு பகுதியையேனும் காண்பார். ஒவ்வொரு சொல்லுடனும் படம் வந்தது. ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டால் சொல் காதிலும் ஒலித்தது. அம்மிக்கல், முறம், அரிவாள்மணை, மண்ணெண்ணெய் விளக்கு முதலியன பட்டியலில் சேர்ந்தன.

எல்லாவற்றினும் முக்கியமான மாற்றம், ஆட்டத்தில் ஒருவர் ஏற்கும் பங்கைப் பற்றியது. பேச்சிழந்தவர் விடையைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அவருக்கு எது முடியாதோ அதையே ஊரார் முன் செய்யச் சொல்வதாகும். அவர் சைகையால் குறிப்புக் கொடுப்பவராக இருக்கலாம். அல்லது நான்கு படங்களுள் சரியானதைத் தொட்டு விடை தரலாம். கைவிரல் ஒன்று அசைந்தாலும் அவர் ஆட்டக்காரரே. இரண்டாம் சுற்றில் பேச்சிழந்த ஒருவர் இடக்கையை மட்டும் கொண்டு இட்லி ஊற்றி மூடி வைத்து, ஆவி பறக்கத் திறந்து காட்டிய நேர்த்தியைக் கண்டு அந்த மேசையே சிரிப்பில் அதிர்ந்தது. இன்னொரு மேசையில் படத்தின் பெயர் சொல்லவராத பெரியவர் அந்தப் படத்தின் பாடலை ஓர் அடி பாடியேவிட்டார். மனைவி திகைத்துப் போனார். இதில் மாயம் ஒன்றுமில்லை. பேச்சுக்குரிய இடமூளைப் பகுதி சேதமுற்றாலும் பாடும் திறன் பலருக்கு எஞ்சியிருக்கும். பாஸ்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1973-இல் இசைவழிப் பேச்சுப் பயிற்சி ஒன்றை வகுத்ததும் இந்த உண்மையைக் கொண்டே. ஆனால் பாடுவதால் மட்டும் பேச்சு திரும்பிவிடும் என்று யாரும் எண்ண வேண்டா.

கடிகாரம் வேண்டும் என்றவர்

முதல் சுற்றில் அறுபது நொடிக் கடிகாரம் பலரை விரட்டியது. சொல் நெஞ்சில் இருந்தும் நாவுக்கு வரக் காலம் தேவைப்படுவோருக்கு ‘டிக் டிக்’ ஓசை பதற்றம் தந்தது. பதற்றம் மிகுந்தால் சொல் இன்னும் பின்வாங்கும். எனவே இரண்டாம் வடிவில் கடிகாரமே இல்லை. ஆட்டம் அமைதியாக நடந்தது. சற்று நேரத்தில் குடும்பத்தினர் கொட்டாவி விட்டனர்.

அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாய் பேச இயலாதவர், தம் இடக்கை மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். வீட்டுக்குப் புறப்பட நேரமாயிற்று என்கிறார் போலும் என்று மகன் எண்ணி எழுந்தார். ஆசிரியர் தலையசைத்து மறுத்தார்; மீண்டும் மணிக்கட்டைத் தட்டினார்; பிறகு கைபேசியைச் சுட்டினார். கடிகாரம் வேண்டும் என்கிறார் என்பது பேச்சுப் பயிற்சியாளருக்குத்தான் முதலில் விளங்கியது. தோற்பதற்கு வழியில்லாத ஆட்டத்தில் வெல்வதற்கும் ஒன்றுமில்லை. தமக்காக ஆட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மூன்றாம் வடிவில் கடிகாரம் திரும்பி வந்தது, வேறு விதமாக. ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது தமக்குரிய நேரத்தைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். ஓசைக்குப் பதிலாக மணற்கடிகாரம்போல் திரையின் வண்ணம் மெல்ல இறங்கும். ஆசிரியர் இரண்டு நிமிடம் தேர்ந்தார். பேத்தி முப்பது நொடி தேர்ந்தாள். பேத்தி தோற்றாள். ஆசிரியர் அன்று காட்டிய முகம் எங்கள் செவிலியர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

யாரும் தொடாத பொத்தான்

இரண்டாம் சுற்றில் இன்னொன்றும் தெரிந்தது. தொடக்கத் திரையில் ‘நோயாளிகளுக்கான எளிய முறை’ என்று ஒரு பொத்தான் சேர்க்கப்பட்டிருந்தது. பெரிய எழுத்து, கூடுதல் நேரம், படங்கள் அனைத்தும் அதனுள் இருந்தன. ஐந்து குடும்பங்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை. தேவையில்லாததால் அன்று, பேரக்குழந்தைகள் முன்னிலையில் அந்தப் பெயரைத் தம்மீது ஒட்டிக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாம் வடிவில் அந்தப் பொத்தான் நீங்கியது. அதனுள் இருந்த வசதிகள் அனைவருக்கும் பொதுவாயின. பெரிய எழுத்தே இயல்பான எழுத்தாயிற்று. படமும் குரலும் எல்லாச் சொற்களுக்கும் வந்தன. எழுத்தறியாத தாய், கண்ணாடி மறந்த மாமா, தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறும் வெளிநாட்டுப் பேரன் ஆகிய மூவரும் அந்தக் குரலையே நாடினர். நோயுற்றவருக்காகச் செய்த வசதி நலமாயிருப்பவர்க்கும் பயன்படுவது, வாசலில் கட்டும் சாய்தளத்தில் நாம் நாள்தோறும் காண்பதுதான். சக்கர நாற்காலிக்காகக் கட்டிய வழியில் குழந்தை வண்டியும் ஏறுகிறது, பெட்டி தூக்க இயலாத பெரியவரும் ஏறுகிறார்.

‘புரிந்ததா?’ என்னும் கேள்வி

இந்த மூன்று சுற்றுகளும் முடிந்தபோது, விளையாட்டுக்கு அப்பால் ஒரு செய்தி எங்கள் முன் நின்றது. மருந்துச் சீட்டும் ஒருவகையில் பயனர் கையில் தரப்படும் பொருளே. இன்சுலின் பேனா, மூச்சுக்குழாய் மருந்துக் கருவி, டிஸ்சார்ஜ் சம்மரி, உணவு அட்டவணை ஆகிய எல்லாமே அப்படித்தான். இவற்றைக் கொடுத்து ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது’ என்றே பெரும்பாலோர் சொல்வர். வீட்டுக்குச் சென்று, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை இரு வேளைக்குப் பதிலாக ஒரு வேளை உட்கொண்டால் விளைவு மீண்டும் ஒரு பக்கவாதமாக இருக்கக்கூடும். விளையாட்டில் தவறிய பொத்தானால் ஒரு புள்ளி போகும். இங்கே போவது வேறு.

ஆகையால் எங்கள் பிரிவில் வீட்டுக்கு அனுப்பும்போது, ‘இந்த மாத்திரையை வீட்டில் எப்படிக் கொடுப்பீர்கள் என்று எங்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள்’ என்று கேட்கிறோம். கருவியாயின் ‘செய்து காட்டுங்கள்’ என்கிறோம். இது உங்களுக்கு வைக்கும் தேர்வன்று. எங்கள் விளக்கத்துக்கும் எங்கள் தாளுக்கும் நீங்கள் நடத்தும் தேர்வு. நீங்கள் தடுமாறும் இடத்தில் நாங்கள் வேறு சொற்களால் சொல்ல வேண்டும். தாளில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். காலை, இரவு என்பதற்குச் சூரியனும் நிலவும் வரைய வேண்டும். எனவே தயங்காமல் தடுமாறுங்கள். ‘விளங்கவில்லை’ என்று ஒருவர் சொல்வது, அவருக்குப் பின் வரும் பலருக்குச் செய்யும் உதவி.

நோயாளிகளைச் சோதனையாளராகக் கொண்டு செய்த விளையாட்டு மருத்துவத்துக்கு உதவியதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஹோப்லேப் அமைப்பு, புற்றுநோய் கொண்ட இளையோருக்காக ‘ரீமிஷன்’ என்னும் கணினி விளையாட்டை 2006-இல் வெளியிட்டது. 34 மருத்துவ மையங்களைச் சேர்ந்த, 13 முதல் 29 வயது வரையிலான 375 பேரிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அந்த விளையாட்டை ஆடியோர், தமக்குரிய மாத்திரைகளை மற்றவர்களைவிட ஒழுங்காக உட்கொண்டனர் என்று அந்த ஆய்வு காட்டியது. விளையாட்டு நோயைத் தீர்க்கவில்லை. நோயைத் தீர்க்கும் மருந்தோடு இளைஞர்களை இணங்கி வாழச் செய்தது. நாம் மேலே சொன்ன குடும்ப விளையாட்டுக்கு அத்தகைய ஆய்வுச் சான்று எதுவும் இல்லை. அது பேச்சுப் பயிற்சிக்கோ இயன்முறைச் சிகிச்சைக்கோ மாற்றாகாது. பார்வையாளர் நேரத்தில் ஒரு குடும்பம் மீண்டும் குடும்பமாகக் கூடுவதற்கு அது ஒரு வழி. அந்த அளவே அதற்கு நாங்கள் தரும் இடம்.

ஆட விரும்புவோர் கவனிக்க வேண்டியவை

எந்தச் செயலியையும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் கைபேசியில் உள்ள பழைய குடும்பப் படங்களே போதும். படத்தை ஒருவர் மட்டும் பார்த்துச் சைகை காட்ட, மற்றவர்கள் யார், எந்த ஊர், எந்தத் திருமணம் என்று கண்டுபிடிக்கலாம். எந்த ஆட்டமானாலும் பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

நோயாளிக்கு ஆடும் விருப்பம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தலையசைத்து மறுத்தால் வற்புறுத்த வேண்டா, ‘நடுவராக இருக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் ஆட்டத்தைச் சோதனையாகவே கொள்ளுங்கள். அவர் எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள். தயங்கினால் அவரைத் திருத்தாமல் விதியைத் திருத்துங்கள். எழுத்துக்குப் பதில் படம், சொல்வதற்குப் பதில் சுட்டுவது, ஒரு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம். இவற்றை அனைவருக்கும் பொதுவாக்குங்கள்.

கைபேசியை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். மெதுவாயினும் அவரே செய்யட்டும். சொல் வருவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் பத்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். அவருக்காக விடை சொல்லாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். பேச்சிழந்தவருக்குக் கூச்சலின் நடுவே சொல்லைப் பிரித்தறிவது கடினம்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டா. பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. விடைகள் தாமதமாவதும் எரிச்சல் தோன்றுவதும் களைப்பின் அறிகுறிகள். அவர் தோற்றிருக்கும்போது நிறுத்தாமல், ஒரு நல்ல விடைக்குப் பின் நிறுத்துங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர் அருகில் திரை வேகமாக மின்னும் விளையாட்டுகளைத் தவிர்க்கவும். வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்தவர் சிரிக்கும்போது தையல் இடத்தைச் சிறு தலையணையால் அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். கையில் ஊசிக்குழாய் உள்ள பக்கத்தில் கைபேசியைக் கொடுக்க வேண்டா.

ஒரு கைபேசி பலர் கைக்குச் செல்லும் ஆதலால், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அனைவரும் கை கழுவுங்கள். கைபேசியை 70 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொண்ட துடைப்பான்களால் துடைக்கலாம். தனிமைப்படுத்தப்பட்ட அறையில் உள்ளவருடன் ஆடுவதற்கு முன் செவிலியரைக் கேளுங்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் உறங்குகிறாரா என்பதையும் பாருங்கள். விழித்திருந்தால் அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குச் சென்ற பின்னரும் இது தொடரட்டும். உங்கள் வீட்டில் எந்த விதியை எப்படி மாற்றியபோது ஆட்டம் கூடிவந்தது என்பதை, அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். எங்கள் தாள்களில் விளங்காத வரி இருந்தால், அதன்மேல் பேனாவால் வட்டமிட்டு எடுத்து வாருங்கள். அடுத்த அச்சில் அந்த வரியைத்தான் முதலில் மாற்றுவோம்.